காணிக் காசும் மாஸ்ரர் மாமாவும்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். "ஐயாவைப் பற்றி நல்லதா நாலு வசனம் எழுது, பிள்ளை" என்றார் அம்மா. நல்லவர்தான். ஆனால் அவர் ஒரு மனக்குறையோடு போனார். அதை மறைத்துவிட்டு மலர் போட எனக்கு மனம் வரவில்லை.

ஐயா கொடிகாமத்தில் பிறந்தவர். இடம்பெயர்ந்து அலைந்த காலம் தவிர, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தோட்டம் செய்தார். கத்தரியும் மிளகாயும் அவர் கைபட்டால் காய்த்துக் கொட்டும். வாய் கொஞ்சம் கடுமை. கோபம் வந்தால் வீடு அதிரும். ஆனால் சந்தையில் நிறுவையில் ஒருநாளும் பிசகமாட்டார்.

நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பயிருக்குமாக ஐயா வங்கியில் கடன் எடுத்தபோது பிணை நின்றவர், அவருடைய பள்ளித் தோழர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மாஸ்ரர் மாமா. அந்த மாரி வெள்ளத்தில் தோட்டம் அப்படியே அழுகிப்போனது. ஐயாவால் தவணை கட்ட முடியவில்லை. வங்கி மாஸ்ரர் மாமாவின் சம்பளத்தில் வெட்டத் தொடங்கியது.

பின்னேரம் தவறாமல் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிப்பவர், வருவதையே நிறுத்திவிட்டார். ஐயாவும் அங்கே போகவில்லை. மாமாவின் மகள், பஸ்ஸில் போய்வரும் தூரத்திலுள்ள எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அங்கே அறை எடுத்துத் தங்க வசதியில்லாமல், விடியமுன்பே பஸ்ஸுக்கு வந்து நிற்பாள். மரக்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகும் ஐயாவைக் கண்டால், "மாமா, சுகமோ?" என்று சிரிப்பாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஐயா சுற்றுப்பாதையால் போகத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான், வீதி அகலிப்புக்கு எடுத்த எங்கள் காணித்துண்டுக்கு அரசாங்க நட்டஈடு வந்தது. இனி வராது என்று நாங்கள் கைவிட்ட காசு. அம்மா முந்திக்கொண்டார்.

"கூரை முழுக்கக் கறையான். முதல் அதை மாத்துவம்."

"மாஸ்ரரின்ரை சம்பளத்தைத் திண்டுபோட்டு, நான் புதுக் கூரைக்குக் கீழை படுக்கிறதோ?"

"வங்கிக்காரர் ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே!"

"ஓம், ஏன் என்னட்டைக் கேக்கப்போறாங்கள்? அவனிட்டையெல்லோ வெட்டுறாங்கள்!"

ஐயா வங்கிக் கடனை முழுதாக அடைத்தார். மிஞ்சியதோடு என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்ரர் மாமா வீட்டுக்குப் போனார். வெட்டுப்பட்ட சம்பளத்தில் பாதிக்குத்தான் அது காணும்.

"நான் உன்னட்டைக் கேட்டனானே?" என்றார் மாமா.

"கேக்கேல்லை. வீட்டுப் பக்கமும் வரேல்லை."

"வந்தால் காசுக்கு வந்தவன் எண்டு நினைப்பாய். அதுதான், மச்சான்."

"விசரன்! மிச்சத்தையும் தருவன். நீ நாளைக்குத் தேத்தண்ணிக்கு வா."

வந்தார். மறுநாளும் வந்தார். மகளுக்கும் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கொடுத்தார். எங்கள் கூரை ஒழுகியது. வாளி வைத்துச் சமாளித்தோம். அம்மா முணுமுணுத்தபடியே இருவருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். ஐயா வாய்விட்டுச் சிரித்ததைக் கனகாலத்துக்குப் பிறகு கேட்டேன்.

மிச்சத்தைக் கொடுத்து முடிக்குமுன் ஐயா நோயில் விழுந்தார். மரக்கறிக் காசெல்லாம் மருந்துக்குப் போனது. மாஸ்ரர் மாமா மறுபடி வராமல் விட்டார். படுக்கையில் கிடப்பவரிடம் பாக்கி கேட்க வந்ததாகிவிடுமே என்ற அதே பயம். பின்னேரமானால் ஐயா வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாமாவைக் கூட்டிக்கொண்டு வரட்டோ, ஐயா?"

"வேண்டாம், பிள்ளை. வெறுங்கையோடை அவன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

அந்த வீம்போடேயே கண்ணை மூடினார். எனக்கு இருவர் மேலும் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்படியும் ஒரு மரியாதையா!

ஐயாவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், செய்தி கேட்டவுடன் ஓடிவந்த அயலவர், கிரியைகளில் துணைநின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

மாஸ்ரர் மாமா, செத்தவீட்டன்று முதல் ஆளாக வந்து பெட்டிக்குத் தோள்கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நேரில் சொன்னால் எழும்பிப் போய்விடுவீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். மிச்சத்தை நாங்கள் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டோம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவோம்; நீங்களே வந்து வாங்கவேண்டும். அம்மாதான் இதை எழுதச் சொன்னார்: "காசுக்கெண்டே வரட்டும். ஆனால் தேத்தண்ணி குடிக்காமல் போக விடமாட்டன்."