பிரேக் அக்காவின் கால்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழகுகிறவர்கள் ஓட்டும் காரில், பக்கத்து இருக்கையில் இருப்பவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கல்யாணமான புதிதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவள், மகள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் அங்கேதான் இருந்தாள். ஸ்டியரிங்கை இறுகக் கட்டிக்கொள்பவர்களிடம், "சார், அது உங்க சொந்தக்காரர் இல்ல. கொஞ்சம் விடுங்க" என்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தேர்வு நெருங்கியதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பின்னால் மடக்கிக்கொள்வாள். "இன்னைக்கு நான் வெறும் பயணி. நீங்களே பாத்துக்கங்க." அந்த ஒரு பேச்சில் பயம் தெளிந்தவர்கள் நிறைய பேர்.

அன்று ஓட்டியவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். அவளுக்கும் தேர்வு நெருங்கியிருந்தது. மரக்கடை மதிலை ஒட்டிய சின்னத் தெரு, பெரிய சாலையைத் தொடும் இடத்தில் ஸ்டாப் போர்டு நின்றது. வரவேற்பாளர் வேகத்தைக் குறைத்தாள், ஆனால் நிற்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினாள். மறுபக்கத்திலிருந்து வந்த மோட்டார் சைக்கிளைப் பிரேக் அக்கா பார்த்துவிட்டாள். கால் பிரேக்கைத் தேடியது. அது அகப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் குழாய் பொருத்துகிறவர். ஆம்புலன்ஸ் வரும்வரை உயிர் தாங்கவில்லை.

ஸ்டியரிங் பிடித்திருந்தவள் என்பதால் போலீஸ் வரவேற்பாளர் மேல்தான் முதலில் வழக்குப் போட்டது; பிறகு பிரேக் அக்காவையும் அதில் சேர்த்தது. பள்ளி முதலாளியின் வக்கீல் பிரேக் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார்.

"நீங்க பிரேக் போட்டீங்க, அந்தப் பொண்ணு பதட்டத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டா. இதை மட்டும் சொல்லுங்கம்மா."

"நான் போடலையே சார்."

"அது வெளிய யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். கணவர் விஷயத்தை முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேலை போனா பாத்துக்கலாம். உள்ள போட்டுட்டா என்ன பண்றது?" என்றார்.

"எல்லாத்துக்கும் அவதான் பொறுப்புன்னா, நான் எதுக்கு அந்த சீட்ல உக்காந்திருந்தேன்?" என்றாள் அவள்.

நீதிமன்றத்தில் கேட்டபோது, கால் மடங்கியிருந்ததைச் சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். "அவங்களுக்குத் தைரியம் வரட்டும்னு" என்றாள். கூண்டுக்கு வெளியே சொல்லும்போது சரியாகப்பட்ட அந்தக் காரணம், அங்கே நின்று சொல்கையில் அவளுக்கே அற்பமாக ஒலித்தது.

பழகுகிறவரின் கையில் ஸ்டியரிங் இருந்தாலும் வண்டி கற்றுத்தருகிறவரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, தன் பக்கம் பிரேக் உள்ளவர் பயணி ஆக முடியாது என்றார் நீதிபதி. வரவேற்பாளரைக் கண்டித்து விடுவித்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர் பிரேக் அக்கா என்று தீர்ப்பானது. சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, பயிற்சி உரிமத்தை ரத்து செய்தார்கள்.

வெளியே வந்தவளை இறந்தவரின் அண்ணன் நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்து நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் வேகமா வந்தானா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இல்லைங்க. மெதுவாத்தான் வந்தார். அவர் மேல தப்பே இல்ல."

அவர் தலையாட்டினார். "அம்மாகிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கொஞ்ச நாளில் வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த வரவேற்பாளர் அதன்பிறகு கார் பக்கமே போகவில்லை என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் பஸ்ஸில் அவளைப் பார்த்தாள். கூட்டத்தின் நடுவே இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். வரவேற்பாளர் இறங்க வேண்டிய நிறுத்தம் முதலில் வந்தது.