பதினான்கு படிக்கு மேலே ஒரு மேசை

என் தொழிலில் வாடிக்கையாளர் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் முள்ளுக்குமாக இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு கெட்டியானது. அது நனைந்திருந்தால் படிக்குப் படி ஓர் ஓசை எழும்: சளப், சரக், சளப். இருபது வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அதைக் கேட்டேன். பதினான்கு வரை எண்ணினேன். ஓசை நின்ற இடத்தில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டு நின்றாள். "டீச்சர், ஆண்டவருக்கு ஒரு கடுதாசி எழுதணும்" என்றாள்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ரோட்டுக்கு மேலே பதினான்கு படி ஏறினால் எங்கள் தேவாலயம். ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டிய ஜெபச் சீட்டுகளைச் சனிக்கிழமைகளில் அங்கேயே ஒரு மேசை போட்டு நான் எழுதிக் கொடுப்பேன், எழுத வராதவர்களுக்கும், எழுத வந்தும் அந்த நேரத்தில் கை ஓடாதவர்களுக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தது உத்தியோகம், இதுதான் தொழில். கல்லூரியில் நான் செய்யுள் படித்தவள். ஆனால் 'எங்க மாட்டுக்குப் பால் வத்திப் போச்சு' என்பதை ஆண்டவருக்கு எப்படி எழுதுவது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. பிறருக்காக மனு எழுதுகிறவர்களே, படிவம் நிரப்புகிறவர்களே, இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் அழுவார். நீங்கள் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பேர் போட வேண்டும்

ஒரு நாள் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கக்கூட நேரம் எடுக்காமல், "எங்க லயத்துல மூணாவது வீட்டுல இருக்கிற பிலோமினாவுக்கு நல்ல புத்தி வரணும்னு எழுதுங்க" என்றாள். என்ன நடந்தது என்று கேட்டேன். அந்த வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயடியில் வாளி வைத்த சண்டை. இவளுடைய வாளியை அவள் காலால் தள்ளியிருக்கிறாள்.

'அயலவர்களுக்கிடையே சமாதானம் உண்டாக' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் திருப்தியில்லை. பேர் எங்கே என்றாள். சபை நடுவில் பேர் சொல்லி வாசிப்பது அழகல்ல, யாரென்று ஆண்டவருக்குத் தெரியும் என்றேன். "அவருக்குத் தெரியுங்க டீச்சர். அவளுக்குல்ல தெரியணும்!"

திருத்தி முடிந்த தாள்

வட்டகொடையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய், மகளின் சாதாரண தரப் பரீட்சைக்காக எழுதச் சொன்னாள். பரீட்சை எப்போது என்று கேட்டேன். முடிந்துவிட்டதாம். தாள்களும் திருத்தி முடிந்துவிட்டனவாம். பெறுபேறு வருவதுதான் பாக்கி.

"அப்படியென்றால் இனி எதைக் கேட்பது? போட்ட புள்ளி போட்டதுதானே?" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். இத்தனை படித்தும் இது தெரியவில்லையே என்பது போல. "திருத்தினவரு, நம்ம புள்ளையோட பேப்பர் கையில வந்தப்ப நல்ல மனசோட இருந்திருக்கணும்னு எழுதுங்க. நேத்தும் நாளைக்கும் நமக்குத்தான் டீச்சர், அவருக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

மரியசெல்வத்தின் வரி

முதலில் சொன்னேனே, நனைந்த படங்கோடு வந்தவள், அவள்தான் மரியசெல்வம். அன்றுமுதல் எல்லாச் சனிக்கிழமையும் கொழுந்தை எடை போட்ட கையோடு வருவாள். ஒரே சீட்டு. அவளுடைய கணவர் சுப்பையா மாரியம்மன் கோயில் திருவிழாவில் தப்பு மேளம் அடிக்கிறவர். ஞாயிறுதோறும் குடை பிடித்து அவளைக் கீழ்ப்படிவரை கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடியும் வரை எதிரே சவுக்கு மரத்தடியில் வெற்றிலை மென்றபடி நிற்பார். திரும்ப அழைத்துப் போவார். மேலே மட்டும் வரமாட்டார்.

முதல் சீட்டில் நான், 'என் கணவர் சுப்பையா மனந்திரும்பி இரட்சிப்படைய' என்று எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இது யாரோட புருஷனுக்குங்க?" என்றாள். "அவரு குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. திரும்புறதுக்கு என்ன இருக்கு? 'என் புருஷன் சுப்பையா ஒரு நாள் இந்தப் படி ஏறி வரணும்'னு போடுங்க. அது போதும்." அப்படியே எழுதினேன். இருபது வருஷத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

ஒரு ஞாயிறு நானே மரத்தடிக்குப் போய், மேலே வந்து உட்காரக் கூடாதா என்று சுப்பையாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் சொன்னார். "நான் அம்மாவுக்குத் தப்படிக்கிறவன் டீச்சர். ஒரு வீட்டுல வயிறாரத் தின்னுட்டு, இன்னொரு வீட்டுல போயி பசிக்குதுன்னு சொல்லலாங்களா?"

கழித்த கன்று

பிறகு எங்களுக்குப் புதிய பாஸ்டர் வந்தார். வெளிநாட்டில் மூன்று வருஷம் இறையியல் படித்தவர், இளம் வயது, மனைவி அமைதியானவர். கால்வினிசம் என்ற சொல்லை எங்கள் சபை முதன்முதலில் அவர் வாயால்தான் கேட்டது. உலகத்தைப் படைக்கும் முன்பே ஆண்டவர் தமக்கானவர்களைத் தெரிந்துகொண்டார், அவர்களுக்காகவே கிறிஸ்து மரித்தார், அழைக்கப்பட்டவர் வராமல் இருக்க முடியாது என்று நான்கு ஞாயிறு பிரசங்கித்தார். இரக்கமற்றுச் சொல்லவில்லை. உங்கள் இரட்சிப்பு உங்கள் பலத்தில் தொங்கவில்லை என்பது, முதுகில் கூடை சுமந்து களைத்தவர்களுக்கு ஆறுதல் என்று மனதார நம்பினார்.

ஓய்வுபெற்ற உபதேசியாருக்கு அது பொறுக்கவில்லை. வட்டவளையிலிருந்து இந்தப் பக்கம் வரை நாற்பது வருஷம் லயம் லயமாக நடந்து, 'யாரும் வரலாம்' என்று கூப்பிட்ட மனிதர். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது இருவருக்கும் தர்க்கம் தொடங்கியது. தேயிலை நாற்றுமேடையில் எந்தக் கன்று மலைக்குப் போக வேண்டும் என்று கன்றா தீர்மானிக்கிறது, நடுகிறவர் அல்லவா தெரிந்தெடுக்கிறார் என்று பாஸ்டர் கேட்டார்.

"சரிங்க. கழிச்ச கன்னை என்ன செய்வாங்க?" என்றார் உபதேசியார். பாஸ்டருக்குத் தெரியவில்லை. அவர் நகரத்தில் பிறந்தவர். உபதேசியார் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "தண்ணி ஓடுற கானுக்குள்ள தூக்கி வீசுவாங்க. எங்க வீட்டுப் பின்னாடி கானோரத்துல அப்படி வீசினது ரெண்டு வேர் புடிச்சு நிக்குது. எங்க வீட்டுக்காரி அதுலதான் தேத்தண்ணிக்குக் கொழுந்து கிள்ளுறா. ஒரு நாளைக்கு வந்து ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்தைப் பேசுங்க பாஸ்டர்."

வாசிக்கப்படாத சீட்டு

அதற்கடுத்த மாதம் பாஸ்டர் ஓர் அறிவிப்புச் செய்தார். நோய், பிரயாணம், பரீட்சை எல்லாம் வாசிக்கப்படும். ஆனால் இன்னாருடைய இரட்சிப்பு என்று பேர் சொல்லி வரும் சீட்டுகளைச் சபையில் வாசிக்க மாட்டார். யார் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பது ஆண்டவரின் இரகசியம். அதைக் கூட்டத்தில் பேசுவது தகாது. எதிர்ப்பார் யாருமில்லை. இரட்சிப்பு என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும், அவர் கணக்கில் அப்படி ஒரே ஒரு சீட்டுத்தான் வாராவாரம் வந்துகொண்டிருந்தது: மரியசெல்வத்தின் சீட்டு.

சனிக்கிழமை மரியசெல்வம் வந்தாள். உட்காரவில்லை. "அவரு பேரு ஆண்டவர் எழுதி வச்ச புஸ்தகத்துல இல்லைன்னுட்டாங்களா டீச்சர்?" என்றாள். அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்ப ஏன் வாசிக்கலை?" அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். "அவரு இல்லாம நான் மட்டும் மோட்சம் போயி என்ன செய்யிறது? இங்கயே அவரு வராம எனக்குச் சோறு எறங்காது."

பிறகு அவள் சொன்ன வரியை நான் எழுதவில்லை. பேனா எழுதவில்லை என்று பொய் சொன்னேன். வேதத்தில் இதே கருத்தைச் சொன்ன பெரியவர்கள் உண்டு. அவள் வாசிக்கத் தெரிந்தவள் அல்ல. "அவரு பேரு இல்லைன்னா, என் பேரையும் வெட்டிறச் சொல்லி எழுதுங்க."

பாஸ்டரின் கை

இரண்டு மூன்று வாரம் கழித்து, சப்பாத்துக் காலின் ஓசை ஒன்று படியேறி வந்தது. பாஸ்டர் எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவர். அன்று ஒவ்வொன்றாக ஏறினார். எதிர் நாற்காலியில் அமர்ந்தார். மனைவியை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். ஏழாம் மாதம். பிள்ளை தங்குமோ என்று வைத்தியருக்கே நிச்சயமில்லை. சபைக் குழுவுக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று போனை எடுத்தாராம். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்துவிட்டாராம். நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்.

எழுதினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் நான் கேள்வி கேட்பதில்லை. எனக்காக நான் ஒரு சீட்டும் எழுதியதில்லை. எழுதுகிறவளுக்கு எதிர் நாற்காலி கிடையாது. ஆனாலும் அன்று மரியசெல்வத்தின் விரல்கள் நினைவில் இருந்தன. "எல்லாம் முன்பே முடிவானதுதானே பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் வெட்கமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. மடித்த சீட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "முடிவானதுதான் டீச்சர். அதை நான் இப்பவும் நம்புறேன். ஆனா முடிவு அவர் கையிலதான்னா, நான் வேற யார்கிட்டப் போய்க் கெஞ்சுறது?"

சவுக்கு மரத்தடி

அந்த ஞாயிறு பாஸ்டர் தம் சீட்டை வாசித்தார். அடுத்து, யாரும் சொல்லாமலே, 'என் புருஷன் சுப்பையா ஒரு நாள் இந்தப் படி ஏறி வரணும்' என்பதையும் வாசித்தார். அந்த வாரமும் அதை ஜெபச் சீட்டுப் பெட்டிக்குள் போட்டிருந்தவள் நான். மரியசெல்வம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாஸ்டருக்குக் கைக்குள் அடங்கும் ஒரு பெண் குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்து, பிழைத்து வீட்டுக்கு வந்தது. தம் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அறிவிப்பைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் மரியசெல்வம் நெஞ்சுச் சளியில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கி வந்த சுப்பையா, கீழ்ப்படியில் தம் இடத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சவுக்கு மரத்தடிக்குப் போய் நின்றார். மழை. குடை மடித்தபடியே கையில் இருந்தது. பாஸ்டர் அங்கியோடு இறங்கிப் போய், இன்றைக்கு மட்டுமாவது வாருங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று அழைத்தார். சுப்பையா தலையை ஆட்டி மறுத்தார். "இன்னிக்கு ஏறினா அழுகையில ஏறினதா ஆயிருங்க சாமி. அவ கேட்டது அது இல்லை."

பதினான்காவது படி

அடக்கம் முடிந்த மூன்றாம் சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. படங்கின் ஓசை இனி வராது என்று தெரிந்தும் காது படியிலேயே கிடந்தது. அப்போது வெறுங்கால் ஓசை ஒன்று கேட்டது. ஏறும், நிற்கும், பிறகு ஏறும். எண்ணினேன். பதினான்கு. குடையை வாசலில் சார்த்தி வைத்துவிட்டுச் சுப்பையா உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "வழக்கமாப் போடுற சீட்டு ஒண்ணு எழுதுங்க டீச்சர்."

எந்தச் சீட்டு என்றேன். "அவ போடுவாளே, அதுதான். அவ இல்லைன்னதும் நிப்பாட்டிட்டோம்னு அங்க இருந்து பார்த்தா மனசு கஷ்டப்படுவா." நான் எழுதினேன்: 'என் புருஷன் சுப்பையா ஒரு நாள் இந்தப் படி ஏறி வரணும்.' யார் பேர் போடுவது என்றதற்கு, மரியசெல்வம் என்றே போடச் சொன்னார். வாசித்துக் காட்டினேன். சரி என்றார். குடையை எடுத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கிப் போனார். என் தொழிலில், எழுதிய சீட்டுக்கு விளக்கம் சொல்வது வழக்கமில்லை.

ஞாயிறு தேநீர் நேரத்தில் பாஸ்டரிடமும் உபதேசியாரிடமும் சொன்னேன். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழைக்கப்பட்டவர் வராமல் இருக்க முடியாது என்று அன்றே சொன்னேனே என்றார். உபதேசியார் கோப்பையை வைத்தார். "யாரும் கையைப் புடிச்சு இழுக்கலைங்க பாஸ்டர், அந்த மனுசன் தன் காலாலதான் வந்தாரு. நடந்து வந்தவருக்குக் கால் வலிக்கும். அதையாவது அவருக்கு விட்டு வைங்க." இருவருக்கும் தேநீரை மறுபடி சூடாக்கிக் கொடுத்தேன்.

இருபது வருஷம் எழுதியதில் நான் கண்டது, பதில் வந்துவிட்ட சீட்டையும் ஆட்கள் அடுத்த வாரம் எழுதச் சொல்வார்கள் என்பதுதான். சுப்பையா இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை, திருவிழாவுக்குத் தப்படிக்கிறார், சனிக்கிழமைகளில் மேலே வந்து அந்தச் சீட்டை எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார்.