ரேடியோ வாசித்த பாடங்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ரேடியோ என்றால்தான் அவரைத் தெரியும். எதையும் ஒருமுறை காதில் வாங்கினால் போதும், பிசகாமல் திருப்பிச் சொல்லிவிடுவார். சூப்பர்வைசரின் திட்டை அதே மூக்கடைப்போடு ஒப்பித்துக் காட்டும்போது, துவைக்கும் மெஷின்களின் இரைச்சலையும் மீறிச் சிரிப்புக் கேட்கும்.

இந்தத் திறமைதான் அவரைக் கெடுத்தது. தெருமுனை நூலகத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு தொடங்கியதும், அவரும் அவரோடு படுக்கை விரிப்பு மடிக்கும் பெண்ணும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். துணிகளை வார்டு வாரியாகப் பிரிக்கும் மேசையில் ஓர் ஆள் ஓய்வு பெறப் போகிறார். வார்டு பெயரை வாசிக்கத் தெரிந்தால் அந்த வேலை கிடைக்கும், உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நாள் முழுக்க இடுப்பு வலியோடு நிற்கும் அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. அவருக்கோ, சும்மா போய்த்தான் பார்ப்போமே என்ற எண்ணம்.

டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தானே உரக்க வாசிப்பார். ரேடியோவுக்கு அது போதாதா? எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை, அதைச் சொல்லவும் வெட்கம். வரிமேல் விரலை ஓட்டியபடி கேட்டதை அப்படியே கொட்டிவிடுவார். டீச்சர் பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா? ஐயா மாதிரி எல்லாரும் படிக்கணும்!"

பக்கத்தில் அவள் எழுத்துக் கூட்டிக் கூட்டித் திணறுவாள். ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, உங்களோடதானே நானும் சேர்ந்தேன். உங்களுக்கு மட்டும் எப்படி ஏறுது? எனக்கு மண்டையில களிமண்ணுதான் போல."

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"மனசு வெச்சா எல்லாம் வரும், தங்கச்சி."

பெரிய மகான்! மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

வேலை நேரத்தில் அவளைத் தவிர்க்கவும் வழியில்லை. விரிப்பு மடிப்பது தனியாள் வேலை அல்ல. எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் முகம் கிட்டத்தில் வந்து நிற்கும். மனுஷன் எங்கே பார்ப்பார்? கூரையைப் பார்ப்பார், அவள் கையைப் பார்ப்பார். சூப்பர்வைசரை ஒப்பித்துக் காட்டுவதையும் விட்டுவிட்டார்.

அந்த மேசைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு கிளம்பியது.

"எடுத்துட்டுப் போகட்டும்ணே. எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று அவள் சிரித்தாள்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த விரிப்பைக் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, தங்கச்சி. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு டீச்சர் சொன்னதத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். நீ கூட்டிக் கூட்டிப் படிச்சியே, அதுதான் படிப்பு."

விரிப்புக்காக நீட்டிய கையை அவள் கீழே இறக்கினாள்.

"உங்க வெக்கத்துக்கு என் படிப்புதான் கெடச்சுதாண்ணே?"

இத்தனை நாளும் அவரை அரித்தது அதே கேள்விதான்.

"சாயங்காலம் வரேன். ஆனா டீச்சர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்று விரிப்பை வாங்கிக்கொண்டாள்.

மாலையில் டீச்சர் வழக்கம்போலப் புதுப் பாடத்தை வாசித்து முடித்து, அவரை நோக்கித் தலையசைத்தார். ரேடியோ எழுந்து நின்றார். பாடம் முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. முதல் வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு அவமானமாக இருந்தது.

"டீச்சர், எனக்கு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

ரேடியோ குனிந்த தலை நிமிரவில்லை. இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். "அண்ணன் உண்மையத்தான் சொல்றாரு. எனக்கே இன்னிக்குத்தான் சொன்னாரு."