துண்டு போட்ட இடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுத்தான் என் வங்கியின் அதிகாரி என்னோடு டீ குடிக்க வந்தார். குட்டையான மனிதர். பையில் எப்போதும் நாலைந்து மலிவுத் துண்டுகள் இருக்கும்.

நான் ராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணி ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தேன். பணம் மூன்று மாதம் கழித்து ஜெர்மன் நாணயமான மார்க்கில் வரும். ரூபாய் டாலரை ஒட்டியே நடந்த காலம் அது. அதற்குள் டாலருக்கு எதிரே மார்க் விழுந்தால் தறிக்கூலி கொடுக்க வழியில்லை. அவர் ஆப்ஷன் வாங்கச் சொன்னார். இன்று பேசி வைத்த டாலர் விலைக்கே பணம் வரும் அன்று மார்க்கை விற்கும் உரிமை அது; அதற்கு முன்கூட்டியே பிரீமியம் என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும்.

"கட்டுற பிரீமியம் திரும்ப வராதே, சார்?"

"வராது, அண்ணாச்சி. மார்க் விழுந்தா உரிமையை எடுத்துக்கோங்க. ஏறினா விட்டுட்டு, சந்தை விலைக்கு வித்துக்கோங்க. துண்டு போட்டதுக்காக அந்த பஸ்லதான் போகணும்னு இருக்கா? நின்னுக்கிட்டுப் போற நிலைமை வராது, அம்புட்டுதான்."

அந்நேரம் ஒரு மதுரை எக்ஸ்பிரஸ் காலியாக வந்தது. துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். மறுநாளே பிரீமியம் கட்டினேன்.

மூன்று மாதத்தில் மார்க் ஏறியது. ஆப்ஷனை விட்டுவிட்டேன், வருத்தமே இல்லை. ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று அந்தத் துண்டை மதித்து, மதுரை வரை நின்றுகொண்டே போனவர் யாரோ?