நிறுத்தக் கூடாத மின்விசிறி

அபிராமபுரம் சுயம்புலிங்கம், எழுபத்தொன்றாம் ஆண்டு பாகிஸ்தான் போரில் ஒரு ஃப்ரிகேட் போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். குண்டு பட்டு இயந்திர இரைச்சல் நின்றபோதுதான், வெள்ளம் புகுந்த பக்கத்து அறையில் மாட்டிக்கொண்ட சகாக்கள் சுவரைத் தட்டுவது கேட்டது. கதவைத் திறந்தால் கப்பலே மூழ்கும் என்று அதிகாரிகள் யாரையும் திறக்க விடவில்லை.

அதன்பிறகு மின்விசிறி ஓடினால்தான் தூங்குவார். மின்சாரம் போனால் பதறி எழுந்து, சுவரில் காதை வைத்து நிற்பார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவர்களுக்கு மின்வெட்டு என்றால் வெறும் வியர்வைதானே.

தொண்ணூற்றாறு மே மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். தலைமாட்டில் ஏற்றிய விளக்கு காற்றில் அணைந்துகொண்டே இருந்ததால், மனைவி தங்கபுஷ்பத்தின் அண்ணன் மின்விசிறியை நிறுத்தப் போனார். அதுவரை அழாமல் இருந்தவள் ஓடிவந்து சுவிட்சைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வெளக்கு அணஞ்சா அணஞ்சிட்டுப் போகுது. ஃபேன நிறுத்தாதீங்கண்ணே, அவரு எந்திரிச்சிருவாரு."