போத்தல் நிறைய இரும்பு

நான் ஸ்பிரிங்வெளியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த வேலையைக் கேட்டுவிட்டு, பாவம், படிக்காத பொம்பளை என்று யாராவது இரக்கப்பட்டுவிடுவார்கள். அந்த இரக்கத்துக்கு எனக்கு அருகதை இல்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. உடம்பைப் பார்த்தால் எட்டு வயது என்பார்கள். பாடசாலை மேட்டில் ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். முகம் எப்போதும் வெளிறியே இருக்கும். இரண்டு தடவை காய்ச்சல் முற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றினோம். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் எல்லோரும் அவளை "ரத்தமில்லாத புள்ள" என்றுதான் சொல்வார்கள்.

ரத்தமில்லை என்றால் ஊற வைக்க வேண்டியதுதானே. முருங்கைக்கீரை, ஈரல் என்று கிடைத்ததையெல்லாம் ஊட்டினேன். லயத்துப் பெண்களுக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், கர்ப்பிணிகளுக்குத் தினமும். குமட்டுகிறது என்று பாதிப் பேர் அதை விழுங்குவதில்லை. ஒருநாள் பக்கத்துக் காம்பராக்காரி தன் பங்கு மாத்திரையை என் மகளுக்கென்று கொண்டுவந்து நீட்டினாள். நான் சந்தோஷமாக வாங்கி, காலி ஜாம் போத்தல் ஒன்றில் போட்டு ஜன்னலில் வைத்தேன்.

அதைப் பார்த்து மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிற வழியில், கோயில் உண்டியலில் காசு போடுவதுபோல ஆளுக்கொன்று போட்டுவிட்டுப் போவார்கள். சரியாகக் கூலிகூடக் கிடைக்காத பெண்கள் என் பிள்ளைக்காகச் சேர்த்தது அது. இரண்டு வருடம் அந்தப் போத்தல் காலியானதே இல்லை. தினமும் ஒரு மாத்திரை கொடுத்தேன், அதுவும் தேசிக்காய் பிழிந்த புளிப்புத் தண்ணீரோடு. புளிப்போடு சேர்த்தால் இரும்பு உடம்பில் நன்றாகப் பிடிக்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். கசக்கிறது என்று மகள் துப்பியபோது அடித்தும் இருக்கிறேன்.

போன வருடம் பரம்பரை ரத்த நோய்களை ஆராய்கிற குழு ஒன்று எங்கள் பாடசாலைக்கு வந்தது. வந்தவர்கள் சிங்களத்தில் சொன்னதைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னதும் நான்தான். ஊசியைக் கண்டு பிள்ளைகள் பயப்படக்கூடாது என்று என் மகளை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சில வாரங்களில் என்னையும் கணவரையும் பதுளைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். மகளுக்குத் தலசீமியா என்றார் டொக்டர். சிவப்பணுக்கள் சரியாக உருவாகாமல் சீக்கிரமே உடைந்துபோகிற நோய். எங்கள் இருவரிடமும் அந்தக் குறை ஆளுக்குப் பாதி இருந்ததாம். அது எங்களை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பாதியும் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. என் கணவர் சொந்த அத்தை மகன்தான். டொக்டர் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, நான்காவது கட்டத்தில் வட்டமிட்டுக் காட்டினார். உயரப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று வருடா வருடம் கரும்பலகையில் நான் போடுகிற அதே கட்டம். அந்தக் கட்டத்துக்குள் என் பிள்ளை உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் டொக்டர் நல்ல செய்தி ஒன்றும் சொன்னார். சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையாமல் காக்கிற புது மாத்திரை ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள், மகளையும் சேர்த்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது என்றார். மேட்டில் உட்காராமல் அவள் ஏறுவதை அங்கேயே மனசுக்குள் பார்த்துவிட்டேன். ஒரு படிவம் தந்தார்கள். "வேறு ஏதேனும் மருந்து எடுக்கிறாரா?" என்ற கேள்விக்கு, என் அழகான கையெழுத்தில் "இல்லை" என்று எழுதினேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. போத்தலில் இருந்ததை நான் மருந்தாகவே நினைத்ததில்லை. அது சத்து.

மாத்திரைப் பரீட்சையில் சேர்க்கும் முன் கொழும்பில் மகளின் ஈரலை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு மூன்று மாதமானது. அந்த மூன்று மாதமும் தினமும் ஒன்று கொடுத்தேன்.

டொக்டர் முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டே தரம்தானே ரத்தம் ஏத்தியிருக்கு? ஏத்துற ரத்தத்தோட கொஞ்சந்தான் இரும்பு வரும், அப்ப ஈரல்ல இவ்வளவு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

நான் போத்தல் கதையைச் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கம்தான், பெருமையாகவே சொன்னேன், எங்கள் லயத்தின் நல்ல மனசை அவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று. தேசிக்காய்த் தண்ணீரையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

இந்த நோயில் இரும்புக்குப் பஞ்சமே இல்லையாம். உடம்புதான் பஞ்சம் என்று ஏமாந்து, கிடைக்கிற இரும்பையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். இழுத்தது வெளியே போக வழியில்லாமல் ஈரலில் படியும், பிறகு இதயத்தில் படியும். என் மகளின் ஈரலில் படிந்திருக்கிற அளவுக்கு அவளை அந்த மருந்துப் பரீட்சையில் சேர்க்க முடியாது. இரும்பை வெளியேற்றுகிற மருந்தை ஆறு மாதம் குடித்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை இடம் இருக்குமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அவர் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன், என் வாய் அப்படிப்பட்டது. அவர் ஏசவில்லை. மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் துப்புனப்ப அடிச்சீங்களே," என்றாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. இரண்டு வருடம், நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பக்கத்துக் காம்பராக்காரி ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு மாதம்.

"டீச்சர், ஒங்க பாப்பாவோட மாத்திரைய போத்தல்ல போட்டுட்டேன்," என்றாள்.

காலையில் டொக்டர் என் மகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கேட்காமல் கொள்ளாமல் காம்பராக்காரியின் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. என் மகளுடையதைவிட வெள்ளை. இந்த வயிற்றோடு தினமும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள்.

"நீ ஒன்னாச்சும் முழுங்குறியா?"

"எனக்கு என்னாங்க டீச்சர், நான் நல்லாத்தான் இருக்கேன். பாப்பாவுக்குத்தான் ரத்தமில்ல."

போத்தலைத் திறந்து, அவள் அப்போதுதான் போட்டதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் கண் முன்னாலேயே முழுங்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டாள். பாப்பாவுக்கு வேண்டாமா என்றும் கேட்டாள்.

என் மகள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் அரைத் தேசிக்காயைப் பிழிந்திருந்தாள்.

"குடிங்கக்கா," என்றாள். "கசந்தாலும் துப்பிராதீங்க."