கரிக்குவியலுக்கு அடியில் ஒரு கல்

எங்கள் அத்தானுக்குக் கல்லறை கிடையாது. அக்காவின் புருஷன் அவர். நிலக்கரி யார்டில் கரி வெட்டும் கூலி. எழுபதுகளில், தூத்துக்குடியில் கடலைத் தூர்த்து மேடாக்கிய புது நிலத்தில் அந்த யார்டைப் போட்டிருந்தார்கள். கப்பலில் வந்து மலைமலையாகக் குவிகிற கரியை வெட்டி லாரியில் ஏற்ற வேண்டும். ஒரு கார்த்திகை மழையில் அந்த நிலத்தின் ஓரம் இற்றுப்போய், கரிக்குவியலும் அதன்மேல் நின்ற மூன்று பேரும் கடலுக்குள் சரிந்தார்கள். இரண்டு பேரின் உடல் கரை ஒதுங்கியது. அத்தான் வரவே இல்லை. மணப்பாடு வரைக்கும் கரையோரமாக நடந்து, கண்ணில் பட்ட மீன்பிடிக்காரரையெல்லாம் அக்கா விசாரித்துப் பார்த்தாள்.

மறு வருஷம் கம்பெனிக்காரர்கள் யார்டின் நடுவில் செத்தவர்கள் பெயரை வெட்டி ஒரு கருங்கல் நட்டார்கள். எங்களையெல்லாம் வேனில் கூட்டிப்போய், பந்தலில் உட்காரவைத்து, குடிக்கக் கலர் கொடுத்தார்கள். ஒருவர் மைக்கில் ‘உழைப்பின் தியாகிகள்’ என்று முழங்கினார். தியாகமாவது ஒன்றாவது, மண்ணைக் கெட்டிப்படுத்தாமல் ஆளை மேலே ஏற்றியது யார் என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அத்தான் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவியளுக்கும் ஒரு இடம் ஆச்சுளா,” என்றாள். அத்தான் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அதற்கு முன்பே புல்லைப் பிடுங்கி, வெள்ளையடித்து, அன்றைக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை காணாத கல்லறையைப் பார்த்தால், ‘பாவம், இவனுக்கு ஆளில்லை போல’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அத்தானை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பது அக்காவின் தவிப்பு. சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு, முத்தையாபுரத்திலிருந்து இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். “பாஸ் இருக்காம்மா?”

“எங்க அத்தான் பேரு உள்ள கல்லுல இருக்கு அண்ணாச்சி,” என்றேன்.

“இருக்கட்டும்மா. பாஸ் இல்லாம ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு ஆர்டர். என் வேலைய கெடுத்துராதிய.”

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசினால் கதவு தானாகத் திறக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிப் பேசினேன். அவர் என்னைவிட நல்ல இங்கிலீஷில் முடியாது என்றார். ஆபத்தான இடமாம், வெளியாட்கள் வரக்கூடாதாம். அந்த ஆபத்தில் செத்தவரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம்! சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் அக்கா அதே யார்டில் கூலிக்குச் சேர்ந்தாள். சிந்திய கரியைக் கூட்டி அள்ளுகிற வேலை. நான் வீட்டையே இரண்டாக்கினேன். “உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அத்தானக் கொன்ன இடத்துலயா போயி குனிஞ்சு நிப்ப?”

“கூலிக்காரிக்குப் பாஸ் உண்டுல்லா,” என்றாள் அக்கா.

முதல் நாள் சாயங்காலம் தலையிலிருந்து கால் வரைக்கும் கரியாக வந்து நின்றாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. “கல்லக் காணலளா.”

யார்டில் இடம் போதவில்லையாம். கல்லைச் சுற்றியும் கரியைக் கொட்டி, கடைசியில் கல்லின் மேலேயே கொட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர், “கல்லு எங்க போயிரப் போகுது? கரி தீர்ந்தா தெரியும்,” என்றாராம். கரி எங்கே தீர? குவியல் கொஞ்சம் தாழ்ந்ததும் அடுத்த கப்பல் வந்துவிடும். குவியல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அக்கா தினமும் வந்து, கையைத் தன் தோளருகே வைத்தும் இடுப்பருகே வைத்தும் காட்டுவாள். கப்பல் வந்த அன்றைக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

கல்லறைத் திருநாள் அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு, வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றேன். அக்கா கொண்டுபோன மெழுகுதிரியையும் தீப்பெட்டியையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். கரி கிடக்கிற இடத்தில் நெருப்பு கூடாது. சோற்று வாளியில் சுண்ணாம்புத் தண்ணீர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அக்கா குவியலை ஒட்டி நின்று நாலு பக்கமும் பார்த்தாள். கல் எந்த இடத்துக்கு நேராக இருக்கும் என்று யோசித்திருப்பாள். பிறகு வாளியைச் சாய்த்து, கரியின் மேலேயே ஊற்றினாள். மிச்சத்தைக் கையால் பூசினாள். அத்தனை கறுப்பில் ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளை. வேலியைப் பிடித்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன்.

மத்தியானத்துக்குள் கரி வெட்டும் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். அது என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மண்வெட்டியைப் போட்டு அள்ளினார்கள். அக்கா ஓடிப்போய்க் கையை நீட்டி ஏதோ சொன்னாள். சூப்பர்வைசர் அவளை ஒதுங்கச் சொல்லிக் கையை வீசினார். செங்கல் சூளைக்குப் போகிற லாரி கேட்டைத் தாண்டி என் முன்னால் வந்தபோது, மேலாக வெள்ளை படிந்த கரிக்கட்டிகள் கிடந்தன. நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

“ஏம்மா, சாவ வேற வண்டி கெடைக்கலயா?” என்று டிரைவர் கத்தினார்.

அவரிடம் என்ன சொல்ல முடியும்? எங்கள் அத்தானை இறக்கி வைத்துவிட்டுப் போ என்றா? விலகினேன். லாரி போய்விட்டது.

வேலை முடிந்து அக்கா வெளியே வந்தாள். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. லாரி விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஒரு செபமாவது சொல்லிட்டுப் போவோம்ளா,” என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கடல் பக்கம் திரும்பினாள், பிறகு குவியல் பக்கம், பிறகு லாரி போன ரோட்டுப் பக்கம்.

“எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். நின்ற நிலையிலேயே பரலோக மந்திரத்தை ஆரம்பித்தோம். பாதியில் முத்தையாபுரம் பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகும் என்று ஏறிக்கொண்டோம்.